எத்தியோப்பியா 1974: மன்னரை இறக்கியது சரிதானா?

பழங்கதை:
மன்னர் ஹைலி செலாசியை 1974 செப்டம்பர் 12 அன்று ஒரு வோக்ஸ்வாகன் காரில் ஏற்றி அரண்மனையை விட்டுக் கொண்டுபோனார்கள். ரத்தம் சிந்தாத புரட்சி என்று பெருமை வேறு. நவம்பர் 23 ராத்திரியே, முன்னாள் பிரதமர்கள் இருவர் உட்பட சுமார் 60 பேரை விசாரணை இல்லாமல் சுட்டுக் கொன்றது ஆட்சியைப் பிடித்த ராணுவக் குழு. இதைத்தான் விடுதலை என்கிறீர்களா?

ஏர்முனை:
60 பேரை எண்ணத் தெரிந்த உங்களுக்கு வொல்லோ மாகாணத்துப் பஞ்சம் நினைவுக்கு வரவில்லையே. 1973இல் அங்கே மக்கள் பட்டினியால் சாக, அரசு அதை மூடி மறைத்தது. பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காரர்கள் படமெடுத்துப் போட்ட பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. மன்னரை இறக்குவதற்கு முந்தின ராத்திரி அதே படத்தை அரண்மனை விருந்துக் காட்சிகளோடு சேர்த்து உள்ளூர் டிவியில் காட்டினார்கள். அப்புறம் 1975 மார்ச்சில் கிராம நிலமெல்லாம் அரசுடைமை, குத்தகை ஒழிந்தது. மன்னர் இருந்திருந்தால் நடந்திருக்குமா?

பழங்கதை:
விருந்தா? 1984இல் அதைவிடப் பெரிய பஞ்சம். அதற்கு நடுவே புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவைத் தடபுடலாகக் கொண்டாடியது யார்? அந்த ராணுவக் குழுவின் தலைவர், உங்கள் மெங்கிஸ்துதான்.

கடலைமிட்டாய்:
குறுக்கிடுவதற்கு இருவரும் மன்னிக்கவும். 'உழுபவனுக்கே நிலம்' என்று 1965இல் அடிஸ் அபாபா தெருவில் கோஷம் போட்டவர்கள் மாணவர்கள். 1977இல் மெங்கிஸ்து சதுக்கத்தில் நின்று சிவப்புத் திரவம் நிரப்பிய பாட்டில்களை உடைத்து, எதிரிகளின் ரத்தம் இப்படி ஓடும் என்று காட்டினார். 'சிவப்புப் பயங்கரம்' என்ற அந்த அரசுக் கொலைவேட்டையில் செத்தவர்கள் ஜமீன்தார்களா? பெரும்பாலும் படித்த இளைஞர்கள், அதே கோஷத்தைப் போட்ட தலைமுறை. பிள்ளையின் பிணத்தை வாங்கப் போன பெற்றோரிடம் தோட்டாவுக்குக் காசு கேட்டிருக்கிறார்கள்.

ஏர்முனை:
அதை நான் நியாயப்படுத்தவில்லை. மெங்கிஸ்து எனக்குச் சொந்தக்காரரும் இல்லை. ஆனால் 44 வருஷம் பேரரசராக இருந்தவர் ஒரு கட்சியைக்கூடத் தலையெடுக்க விடவில்லை. அவர் போனபோது கட்டுக்கோப்பாக இருந்தது ராணுவம் ஒன்றுதான். யார் செய்த வேலை அது?

பழங்கதை:
சரி, கதவைத் திறந்துவைத்தது மன்னர் என்றே இருக்கட்டும். உள்ளே வந்து கொன்றவனுக்குப் பொறுப்பு இல்லையா? 1975இல் 83 வயது முதியவர் காவலில் செத்தார். நோயால் என்றார்கள், கழுத்தை நெரித்தார்கள் என்று பின்னாளில் வழக்கே நடந்தது. 1992இல் அரண்மனை வளாகத்தைத் தோண்டித்தான் எலும்பை எடுத்தார்கள்.

கடலைமிட்டாய்:
அவருக்கு 2000இல் பேராலயத்தில் கல்லறையாவது அமைந்தது. அந்தப் பிள்ளைகளில் பலரை எங்கே புதைத்தார்கள் என்று அவர்கள் வீட்டாருக்கே தெரியாது.