உதயகிரிக் கோட்டை: படைவீடு பூங்காவான பிறகு

கன்னியாகுமரி மாவட்டத்துப் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையை எங்கள் தக்கலை வட்டாரப் பிள்ளைகள் மான் பார்க்கும் இடமாகவே அறிவார்கள். வனத்துறை அதைப் பல்லுயிரினப் பூங்காவாக்கிய பிறகு வளர்ந்த தலைமுறை அது. இராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற என் தாய்மாமாவோடு சென்றபோதுதான், அந்த மதில்களுக்குள் ஒரு படை குடியிருந்தது என்பதை நான் உள்ளபடி உணர்ந்தேன்.

மாமா முதலில் பார்த்தது கோட்டைக்குள் இருக்கும் குன்றைத்தான். "மேல ஒருத்தன் காவல் நின்னா போதும் மக்கா, சுத்துவட்டாரம் முழுக்க அவன் கண்ணுலதான்" என்றார். திருவிதாங்கூர் அரசின் அன்றைய தலைநகரான பத்மநாபபுரம் கூப்பிடு தூரத்தில் இருக்கையில், படையை வேறெங்கே நிறுத்தியிருப்பார்கள்?

1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனித் தளபதி டி லனாய், தன்னைப் பிடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்ததும், பழைய மண்கோட்டை கருங்கல் கோட்டையாக எழுந்தபோது அந்தப் பணியை மேற்பார்த்ததும், பீரங்கி வார்க்கும் ஆலையை நடத்தியதும் இங்கேதான். 1809இல் திருவிதாங்கூரின் தலைமை அமைச்சர் வேலுத்தம்பி தளவாயின் எழுச்சியை அடக்க ஆரல்வாய்மொழி அரண்களைக் கடந்து வந்த ஆங்கிலக் கம்பெனிப் படையிடம் கோட்டை வீழ்ந்தது; பின்னர் அந்தப் படையினரே இதற்குள் தங்கினார்கள்.

கூரையிழந்த சிற்றாலயத்தில் டி லனாயின் கல்லறை இருக்கிறது. 1777இல் இறந்த அவருக்கு இலத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டுப் பொறித்திருக்கிறார்கள். மனைவியும் மகனும் அங்கேயே துயில்கிறார்கள். மாமா விறைப்பாக நின்று வணக்கம் செலுத்தினார். குளச்சல் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், டி லனாயின் கீழ்ப் பணியாற்றி அவர் வழியாகக் கிறித்தவம் தழுவிய, 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் பிள்ளையை எண்ணி அங்கே செபித்துக்கொண்டிருந்தது.

பூங்காவாக்கியதை நான் குறைசொல்ல மாட்டேன். மரங்கள் நிற்கின்றன, மக்கள் வருகிறார்கள், ஆளில்லாத கோட்டைக்கு வரும் கதி இதற்கு வரவில்லை. ஆயினும் வார்ப்பாலையையும் வீரர்களின் குடியிருப்பையும் பற்றி வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வெளியூரிலிருந்து வருவோர் பத்மநாபபுரம் அரண்மனையையும் கோட்டையையும் ஒரே நாளில் பாருங்கள். ஒன்றைக் காக்கவே மற்றது இருந்தது. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.