கிளச் சிலிண்டர் மாத்தியும் பெடல் பஞ்சு மாதிரிக் கிடக்கு

வேலணையான்:
என்ரை கார் 110 கொறோலா, மனுவல் கியர். ஒவ்வொரு நாளும் கடலுக்குக் குறுக்கால போற பண்ணைப் பாலத்தாலதான் யாழ்ப்பாணம் போய் வாறன். போன கிழமை றிவேர்ஸ் போடேக்க கரகரவெண்டு சத்தம். பார்த்தால் கியர்பொக்ஸிலை இருக்கிற கிளச் கீழ்ச் சிலிண்டரின்ரை றப்பர் உறைக்குள்ள ஒயில் நிக்குது. ஸ்டான்லி வீதியிலை புதுசு வாங்கி ஞாயிற்றுக்கிழமை நானே மாத்தினன். தங்கச்சியின்ரை பெடியன் பெடல் மிதிக்க, நான் கீழ கிடந்து எயார் எடுத்தன். ஒரு போத்தல் டொட் 3 பிறேக் ஒயில் முடிஞ்சுது. எயார் எடுக்கிற நிப்பிளாலை இப்ப குமிழி வரேல்லை. ஆனால் பெடல் பாதிவரைக்கும் பஞ்சுதான்.

கோண்டாவில் பெடியன்:
பெடலோட இருக்கிற மேல் சிலிண்டரும் போயிருக்கும் அண்ணை. அதையும் மாத்துங்கோ.

பழைய ஸ்பனர்:
தம்பி, காசைக் கொட்ட முந்திப் பொறும். வெளியான இடத்திலை ஸ்ராட் பண்ணி முதல் கியர் போட்டு, பெடலை மிதிச்சபடி ஒரு நிமிசம் இரும். கார் தானா ஊரத் தொடங்கினால் மேல் சிலிண்டரின்ரை றப்பர் உள்ளுக்கை ஒயிலைக் கசிய விடுது. பெடலுக்கு மேல, தள்ளுதடி போற இடத்திலை ஈரம் இருக்கோ எண்டும் தடவிப் பாரும். ரெண்டும் இல்லையெண்டால் எயார்தான்.

பெடியன் படபடவெண்டு மிதிச்சிருப்பான். அப்பிடி மிதிச்சால் ஒயில் நுரைச்சுப்போம். மெதுவா மிதிச்சுப் பிடிக்க வேணும், நீர் நிப்பிளைத் திறந்து பூட்டின பிறகுதான் காலை எடுக்க வேணும்.

இனி இதைச் செய்யும். குழாயைக் கழட்டாமல் சிலிண்டரின்ரை ரெண்டு போல்ற்றை மட்டும் கழட்டி, நிப்பிளைப் பூட்டி வச்சு, குழாய் பூட்டின பக்கம் மேல பாக்கப் பிடிச்சு, பிஸ்ரனைக் கையாலை மெல்ல உள்ளுக்கு அமத்தும். காத்துக்கு மேல போறதுதான் விருப்பம், கீழ இழுத்தால் அடம்பிடிக்கும். அந்த நேரம் ஒருத்தரும் பெடலைத் தொடக்கூடாது, பிஸ்ரன் வெளியிலை பாய்ஞ்சிடும். மேல தாங்கியிலை ஒயிலைக் கொஞ்சம் குறைச்சு வையும், இல்லாட்டி வழியும்.

வடிச்ச ஒயிலைத் திரும்ப ஊத்தாதையும். சண்டை நேரம் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலை கார் ஓட்டின காலத்திலை நாங்கள் சீலையாலை வடிச்சு ஊத்தினனாங்கள்தான், அது வேற வழியில்லாமல். பிறேக் ஒயில் காத்திலை இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், பிறகு சிலிண்டர் உள்ளுக்கை கறள் பிடிக்கும்.

வேலணையான்:
ஐயா, கார் ஊரேல்லை, ஈரமும் இல்லை. மூண்டாந்தரம் அமத்தேக்க தாங்கிக்குள்ள கொழுக்கட்டை அவியிற மாதிரிக் குமிழி வந்துது! பெடல் இப்ப இறுக்கம், றிவேர்ஸ் சத்தமில்லாமல் விழுது. தாங்கியிலை குறைக்க மறந்துபோனன். வழிஞ்சு மட்காட்டிலை ஒரு ரூபாக் குத்தி அளவுக்குப் பெயின்ற் உரிஞ்சு போட்டுது.

பழைய ஸ்பனர்:
உடனை தண்ணி ஊத்தியிருந்தால் தப்பியிருக்கும். நிப்பிளுக்கு றப்பர் மூடி போட்டனீரோ? பண்ணையிலை அடிக்கிற உப்புக்காத்துக்கு, மூடி இல்லாட்டி அடுத்தமுறை நிப்பிள் கறள் பிடிச்சு முறிஞ்சுதான் வரும்.