தொலைவில் ஏராளமாகக் கிடைக்கும் ரேடியோ வெடிப்புகளை அருகில் ஏன் தேட வேண்டும்?

கார்த்திகைமீன்:
மில்லி விநாடிகளில் தோன்றி மறையும் அதிவேக ரேடியோ வெடிப்புகளில் முதலாவதை வானியலாளர் லோரிமரின் குழுவினர் 2007இல் அறிவித்தனர். அன்று முதல் கண்டறியப்பட்டவற்றுள் மிகப் பல, நூறு கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பாலிருந்து வந்தவை. அவ்வாறிருக்க, எம் 81, எம் 82 போன்ற அண்டை விண்மீன் மண்டலங்களை ஆய்வாளர்கள் மணிக்கணக்கில் நோக்கிக் கொண்டிருப்பது எதற்காக? அதிலும், புதிய விண்மீன்கள் மளமளவெனப் பிறக்கும் எம் 82ஐ விட்டு, பக்கத்திலுள்ள எம் 81இல் வெடிப்பு கிடைத்தது எப்படி?

வடமீன்:
நெடுந்தொலைவிலிருந்து வருவனவற்றுள் மிக வலியவை மட்டுமே நம்மை எட்டுகின்றன. 2020 ஏப்ரல் 28 அன்று நம் பால்வீதியிலேயே, எஸ்ஜிஆர் 1935 என்னும் மேக்னெட்டார், அதாவது கடுங்காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன் (மிகச் சிறிதாகச் சுருங்கி இறுகிய விண்மீன் எச்சம்), எக்ஸ் கதிர்களோடு ஒரு ரேடியோ வெடிப்பையும் உமிழ்ந்தது. அதைப் பிடித்த ஸ்டேர்2 கருவியின் ஏற்பி, ஓர் உலோகக் குழாயும் கேக் சுடும் தட்டுகள் இரண்டும் சேர்ந்ததுதான், அத்தனை பிரகாசம்! ஆனால் அதுவே நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் நிகழ்ந்திருந்தால் இன்றுள்ள தொலைநோக்கி எதற்கும் தென்பட்டிருக்காது. வலு குறைந்த வெடிப்புகளைக் காண அண்டை மண்டலங்களே வழி.

எம் 81இன் கதை வேறு. 2020 ஜனவரியில் கனடாவின் சைம் தொலைநோக்கி கண்ட அந்த வெடிப்பு மூலத்தின் இடத்தை, ஐரோப்பிய ரேடியோ தொலைநோக்கிகள் பலவற்றை இணைத்துத் துல்லியமாகக் குறித்தபோது, அது சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில், அம்மண்டலத்தின் கோளக் கொத்து ஒன்றில், அதாவது உருண்டையாக நெருங்கித் திரண்ட விண்மீன் கூட்டத்தில் இருந்தது. அங்குள்ளவை பல நூறு கோடி ஆண்டு வயதுள்ள முதிய விண்மீன்கள்.

கார்த்திகைமீன்:
பெருவிண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்து மடிகின்றன. மேக்னெட்டார்கள் பொதுவாக அவ்வெடிப்பில்தான் பிறக்கின்றன. மேக்னெட்டாரின் துடிப்பும் விரைவில் அடங்கிவிடும் என்கிறார்கள். முதிய கொத்தில் அது எங்கிருந்து வந்தது?

வடமீன்:
சிக்கலே அதுதான். நெருக்கமான கொத்தில் இரட்டையாகச் சுழலும் வெள்ளைக் குள்ள விண்மீன் ஒன்று (சூரியன் போன்ற விண்மீன் எரிந்து தீர்ந்தபின் எஞ்சும் கரு), துணையிடமிருந்து பொருளை ஈர்த்துப் பெருத்து, இறுதியில் நியூட்ரான் விண்மீனாகச் சுருங்கியிருக்கலாம். இரண்டு விண்மீன்கள் ஒன்றாக இணைந்தும் இருக்கலாம். எனக்கு முன்னதே பொருத்தமாகப் படுகிறது. இரண்டுக்கும் நேரடிச் சான்று இன்னும் இல்லை.

செம்மீன்:
ஒரு கொத்தை வைத்து எம் 82ஐ ஒதுக்கிவிட வேண்டாம். 2023 நவம்பர் 15 அன்று அங்கிருந்து வந்த காமாக் கதிர் வெடிப்பை இன்டெக்ரல் செயற்கைக்கோள் பதிவு செய்தது. அது ஒரு மேக்னெட்டாரின் பேரெரிப்பு என்றே கருதப்படுகிறது. ஆக, அங்கும் ஆள் உண்டு.

முதல் வினாவுக்கு இன்னொரு விடையும் உண்டு. 2025 மார்ச்சில் சைம் கண்ட கடும் வெடிப்பு, 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4141 மண்டலத்தில், ஏறத்தாழ 45 ஒளியாண்டு அகலமுள்ள பகுதிக்குள் குறிக்கப்பட்டது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைத் திருப்பியபோது அதே இடத்தில் மங்கலான அகச்சிவப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது. அம்மண்டலம் இன்னும் பத்து மடங்கு தள்ளியிருந்தால், அப்புள்ளி மண்டலத்தின் ஒளியிலேயே கரைந்து போயிருக்கும்.