நாற்பது பின்னூட்டங்களில் ஒன்று என்னுடையது

மல்லிகை:
எங்கள் வாலிபர் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு தங்கை போன வாரம் பேஸ்புக்கில் நாலு வரி எழுதியிருந்தாள். அப்பா இறந்ததிலிருந்து ஜெபிக்க முடியவில்லை, கேட்பதற்கு யாராவது இருக்கிறாரா என்றே தெரியவில்லை, இனி சபைக்கு வரப்போவதில்லை என்று. ஒரு மணி நேரத்துக்குள் நாற்பது பின்னூட்டம். பின்வாங்கிப்போனவர்களின் முடிவு, அக்கினிக்கடல், "உன் அம்மாவின் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது?" அப்பா போன பிறகு எப்படி இருக்கிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் கணக்கையே மூடிவிட்டாள்.

அந்த நாற்பதில் ஒன்று என்னுடையது. விசுவாசத்தை விட்டு விழுந்தவர்களைத் திரும்பப் புதுப்பிக்க முடியாது என்று எச்சரிக்கும் எபிரெயர் 6-ஐ வசன எண்ணோடு போட்டிருந்தேன்.

விசுவாசிகள் இணையத்தில் யாரையும் கடிந்துகொள்வதை நிறுத்த வேண்டும். கிருபையாகப் பேச வராவிட்டால் பேசாமல் இருக்கலாம்.

சத்தியத்தூண்:
சகோதரி, உங்கள் வருத்தம் நியாயமானது. முடிவு தவறு. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, சாப்பிடுவதை விட்டு விலகியபோது பவுல் அவரை ஓரமாக அழைத்துப் பேசவில்லை, எல்லாருக்கும் முன்பாகவே கேட்டார் (கலாத்தியர் 2). மத்தேயு 23-ல் இயேசு பரிசேயர் என்ற மதத்தலைவர்களை எல்லார் முன்பாகவும் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று வாசியுங்கள். காணிக்கை அனுப்பினால் கடன் தீரும் என்று ஒருவர் வீடியோ போடுகிறார். அதன் கீழே "இது வேதத்தில் இல்லை" என்று நான் எழுதாமல் போனால், நகையை அடகு வைத்து அனுப்பும் விதவைக்கு யார் பொறுப்பு? எசேக்கியேல் 33-ல் எக்காளம் ஊதாத காவற்காரனிடம்தான் இரத்தப்பழி கேட்கப்படுகிறது.

வேதவாசகன்:
பிரதர், இரண்டு வேறு காரியங்களை ஒன்றாகக் கட்டுகிறீர்கள். பேதுரு அப்போஸ்தலர். அவர் செய்ததைப் பார்த்து பர்னபாவும் இழுப்புண்டார். எல்லார் முன்பாகவும் நடந்ததைப் பவுல் எல்லார் முன்பாகவும் கேட்டார். இந்தத் தங்கை யாரையும் எங்கும் இழுக்கவில்லை. அழுதாள், அவ்வளவுதான்.

பொதுவில் போதித்தவர்களிடமும் ஒரே முறைதான் என்றில்லை. அப்பொல்லோ ஜெபஆலயத்தில் நின்று பேசியவர், யோவானின் ஞானஸ்நானத்தை மட்டும் அறிந்தவர், அதனால் அவர் போதனையில் குறை இருந்தது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தங்களோடு அழைத்துக்கொண்டுபோய்த்தான் விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18).

கலாத்தியர் 6:1-ல், தவறில் அகப்பட்டவனைச் 'சீர்பொருந்தப்பண்ணுங்கள்' என்று பவுல் எழுதுகிறார். அங்கே வரும் அதே கிரேக்க வினைதான் மாற்கு 1:19-ல் யாக்கோபும் யோவானும் படகில் வலைகளைப் பழுதுபார்த்ததற்கும் வருகிறது. உட்கார்ந்து, கண்ணி கண்ணியாகச் செய்கிற வேலை அது. நாற்பது பேர் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தால் வலை என்னாகும்?

வீடியோ பற்றி ஒன்று. 2018 ஜனவரியில் பேஸ்புக் தன் முகப்பை மாற்றி, பின்னூட்டமும் உரையாடலும் பெருகும் பதிவுகளுக்கு முன்னுரிமை தருவதாக அறிவித்தது. நீங்கள் அதன் கீழே சண்டை போடப் போட அந்த வீடியோ இன்னும் நாலு விதவைகளிடம் போய்ச் சேரும்.

சத்தியத்தூண்:
வீடியோ விஷயத்தை யோசிக்கிறேன். ஆனால் 1 கொரிந்தியர் 5? சபைக்கு உள்ளே இருப்பவர்களை நியாயந்தீர்க்கச் சொல்கிறதே.

வேதவாசகன்:
அதே இடத்தில் வெளியே இருப்பவர்களைத் தேவன் பார்த்துக்கொள்வார் என்றும் சொல்கிறது. இணையத்தில் நம் கோபத்தில் பெரும்பகுதி வெளியே இருப்பவர்கள்மேல்தான் விழுகிறது. அங்கே பவுல் கண்டிப்பது தகப்பனுடைய மனைவியோடு வாழ்ந்த ஒருவனை. கொரிந்து சபையாருக்கு அந்த மனிதனைத் தெரியும், கூடி வருகிறவர்கள் அவர்கள். அந்த நாற்பது பேரில் எத்தனை பேருக்கு அவள் அப்பா பெயர் தெரியும்? அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், தண்டிக்கப்பட்ட ஒருவனை மன்னித்துத் தேற்றுங்கள், இல்லாவிட்டால் துக்கத்தில் அமிழ்ந்துபோவான் என்று பவுலே பதறுகிறார்.

பெயர் வேண்டாம்:
இதையெல்லாம் வாசிக்கப் பயமாக இருக்கிறது. ஒரு சபை ஊழியர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். வெளியே சொன்னதும் எனக்கு வந்த முதல் பதில், "நியாயந்தீர்க்காதே சிஸ்டர், கிருபையாய் விட்டுவிடு." மல்லிகை அக்கா, நீங்கள் சொல்கிறபடி நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?

மல்லிகை:
இல்லைம்மா. யாரையும் கடிந்துகொள்ளக் கூடாது என்று நான் எழுதியது தவறு, அதை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் சட்டம் எழுதிவிட்டேன்.

தாவீது ராஜா இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டபோது, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையோடு நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடமே போனார். ஆட்டுக்குட்டியைப் பறிகொடுத்தவனிடம் போய்ப் பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. குற்றம் செய்தவனிடம் முதலில் தனியே பேசச் சொல்லும் மத்தேயு 18-ம் அந்தத் 'தனியே' என்பதோடு நிற்கவில்லை, சாட்சிகள், பிறகு சபை என்று போகிறது. உனக்கு நடந்தது குற்றம். காவல்துறையிடம் போவதற்கு எந்தச் சபையின் அனுமதியும் வேண்டாம். துணைக்கு ஆள் வேண்டுமானால் எனக்கு எழுது, வருகிறேன்.

சத்தியத்தூண்:
அந்தச் சகோதரியிடம் கிருபையைப் பற்றிப் பேசியவர்களை நான் பொதுவிலேயே கடிந்துகொள்வேன், அதை விடமாட்டேன். ஆனால் அப்பாவை இழந்த பெண்ணின் பதிவு என் கண்ணில் பட்டிருந்தால் நானும் ஒரு வசனத்தைப் போட்டிருப்பேன். அதை மறைக்க விரும்பவில்லை. அவளிடம் யாராவது பேசினீர்களா?

மல்லிகை:
நேற்று வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவள்தான் பேசினாள், இரண்டு மணி நேரம், அப்பாவைப் பற்றி மட்டும். சபைக்கு வா என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி வர முடியுமா என்று கேட்டாள். அது ஆராதனை நேரம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.