இடுப்பு, முதுகு, பிசியோ: இன்னும் மனச விட்டு போகாத ஒரு நாள் இருந்தா எழுதுங்க

தென்னந்தோப்பு:

மூணு நாளா எழுதலாமா வேணாமானு இருந்தேன், எழுதிடுறேன். அப்பா மரத்துலருந்து விழுந்தது சோழவந்தான் பக்கம், அப்ப நான் பன்னெண்டாவது. விழுந்தத பத்தி சொல்ல வரல, தூக்குனத பத்தி. கைக்கு ரெண்டு பேரு காலுக்கு ரெண்டு பேருனு புடிச்சு, நடு ஒடம்பு தொட்டில் மாதிரி தொங்க தொங்க லோடு ஆட்டோல போட்டு கொண்டு வந்தோம், அந்த நாலு பேருல நானும் ஒருத்தன். 108 வர்ற வரைக்கும் அசைக்காம வச்சிருக்கணும், பலகையில படுக்க வச்சு கழுத்து முதுகு ஆடாம எடுக்கணும்னு அன்னைக்கு யாருக்கு தெரியும். டி12னு முதுகெலும்புல ஒரு எலும்பு, அது நொறுங்கி தண்டுவடம் நசுங்கிருச்சு. கம்பி வச்சு ஆபரேஷன் ஆச்சு. நாங்க தூக்குனதுல தான் போச்சா இல்ல விழுந்தப்பவே போயிருச்சானு டாக்டர்ட்ட கேட்டேன், அத இப்ப எப்படிப்பா சொல்றதுனு போயிட்டாரு.

பிசியோ விசயத்துக்கு வரேன். டில்ட் டேபிள் பாத்திருப்பீங்க, நெஞ்சுலயும் முட்டிலயும் பெல்ட்டு போட்டு கட்டி மேசையோட சேத்து மெதுவா நிமித்துவாங்கள்ல. முப்பது டிகிரிலயே அப்பாவுக்கு கண்ணு இருட்டிக்கிட்டு வந்துரும், ரத்தமெல்லாம் காலுக்கு எறங்கிருது, திருப்பி மேல தள்ளி விட கால் சதைக்கு வேலை இல்லைல. ஒடனே படுக்க வச்சு, பிபி பாத்து, காலுக்கு இறுக்கமா துணி சுத்தி, மறுநாள் மறுபடி. பத்து நாள் இருக்கும் இப்படியே. எழுவது டிகிரி வந்த அன்னைக்கு நான் எதுத்தாப்ல நிக்கிறேன், ரெண்டு மாசமா எல்லாரையும் கீழருந்து அண்ணாந்தே பாத்துக்கிட்டு இருந்த மனுசன் என்னைய நேருக்கு நேரா பாத்துட்டு "ஏண்டா, என்னைய விட வளந்துட்டியாடா"ன்னாரு. பிசியோ சார் பிபி மிசின பாக்குற மாதிரி அந்தப்பக்கம் திரும்பிக்கிட்டாரு.

கீழமாசி மூட்டை:

தம்பி உன்னோடத படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒன்னும் ஓடல. நம்ம கத அம்புட்டு பெருசில்ல. கீழமாசி வீதில இருவது வருசமா மூட்டை, 50 கிலோ சீனி மூட்டைய லாரிலருந்து எறக்கி தோள்ல வச்சுக்கிட்டே ஒரு திரும்பு திரும்புனேன், அம்புட்டுதான். இடது பிட்டத்துலருந்து கெண்டைக்கால் வரைக்கும் சுரீர்னு கம்பி காச்சி இழுத்த மாதிரி. இடுப்புல எல்4 எல்5னு ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்க ஜவ்வு விலகிருச்சாம். ஆஸ்பத்திரிக்கு முன்னாடி வீட்டுல என்ன பண்ணாங்கனா கால் முன்னாடி வந்து பொறந்த ஒரு அக்காவ கூட்டியாந்து என்னைய வாசல்ல குப்புற போட்டு மிதிக்க விட்டாங்க, அந்த அக்கா ஒரு மூட்டைக்கு மேல இருக்கும், அத பத்தி பேச வேணாம்.

பிசியோனா கரண்டு வைப்பாங்க, இழுவை போடுவாங்கனு தான் நெனச்சு போனேன். அங்க இருந்த பொண்ணு குப்புற படுங்கண்ணேன்னுச்சு. முழங்கைய ஊனி நெஞ்ச மட்டும் தூக்கு, எறக்கு, பாம்பு தலைய தூக்குற மாதிரி. பத்து தடவ, கொஞ்சம் ஆறப்போட்டு இன்னொரு பத்து. கெண்டைக்கால்ல இருந்த வலி தொடைக்கு வந்துச்சு, அப்புறம் பிட்டத்துக்கு, கடைசில இடுப்புல வந்து உக்காந்துக்கிட்டு காந்துது. நான் கத்துறேன், ஏம்மா இடுப்புல கூடிருச்சேனு. அது பதறவே இல்ல. "கூடட்டும்ணே, வலி கால விட்டுட்டு நடு முதுகுக்கு வந்தா நரம்ப விடுதுனு அர்த்தம், இடுப்புலருந்து காலுக்கு எறங்குனா தான் ஒடனே நிப்பாட்டிட்டு எனக்கு சொல்லணும்"னுச்சு. வலி ஏறுனா நல்லதுங்கிறத வாழ்க்கைல அன்னைக்கு தான் கேட்டேன். வீட்டுல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அதையே செஞ்சேன், ரெண்டு மாசம் ஆச்சு மறுபடி வேலைக்கு போக. இப்ப தோள்ல ஏத்துறதில்ல, தள்ளுவண்டி தான்.

அண்ணாநகர் சீனியர்:

மூட்டை தம்பி, உங்களுக்கு சரியாச்சு சந்தோசம், ஆனா இப்படி எழுதுனா படிக்கிறவன் எல்லாம் குப்புற படுத்துருவான். எனக்கு அறுபத்தெட்டு வயசு, தண்டுவடம் போற குழாயே சுருங்கிருச்சு, நிமிந்தா காலு ரெண்டும் மரத்துப்போகும் குனிஞ்சா சுகம். தெப்பக்குளத்த ஒரு சுத்து நடக்க முடியாது, நடுவுல படியில உக்காரணும், ஆனா சைக்கிள்ல அஞ்சு கிலோமீட்டர் போவேன். அந்த பாம்பு பயிற்சிய ஒரு வீடியோ பாத்து நாலு நாள் செஞ்சேன், அஞ்சாவது நாள் பாத்ரூம் போக சுவத்த புடிக்க வேண்டியதா போச்சு. பிசியோ பாத்துட்டு அப்படியே உல்டாவா, மல்லாக்க படுத்து முட்டிய நெஞ்சுக்கு இழுக்க சொன்னாங்க. எனக்கு நடந்தது இம்புட்டுதான்.

பொதுவா சில விசயம் சொல்லிடுறேன், கேக்கலைனாலும் யாருக்காச்சும் உதவும். சாதாரண இடுப்பு புடிப்புக்கு வாரக்கணக்குல கட்டில்ல கிடக்காதீங்க, ஒரு நாள் ரெண்டு நாள் சரி, அதுக்கு மேல கிடந்தா சதை எளைச்சு இன்னும் தான் மோசமாகும், முடிஞ்ச அளவு நடமாடணும்னு தான் இப்ப சொல்றாங்க. எம்ஆர்ஐ ரிப்போர்ட்ட வச்சுக்கிட்டு தூங்காம இருக்காதீங்க, வலியே இல்லாத ஆளுக்கு எடுத்தாலும் வயசானா ஜவ்வு பிதுங்கி தான் தெரியும், தலை நரைக்கிற மாதிரி. காலுக்கு எறங்குற ஜவ்வு வலியே பாதிக்கு மேல ஆபரேஷன் இல்லாம சில வாரத்துல சில மாசத்துல அடங்கிரும். பெல்ட்டு போட்டா போட்டுக்கிட்டே இருக்காதீங்க. பிசியோவுக்கு ஆட்டோ வச்சு போக முடியாத வயசானவங்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம்னு 2021லருந்து வீட்டுக்கே வர்றாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. அப்புறம் அந்த சோழவந்தான் தம்பிக்கு: வேலூர்ல மேரி வர்கீஸ்னு ஒரு டாக்டர், 1954ல கார் விபத்துல இடுப்புக்கு கீழ செயலிழந்து போச்சு, வீல்சேர்ல உக்காந்துக்கிட்டே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க, 1966ல அங்க மறுவாழ்வு மையமே ஆரம்பிச்சு வச்சாங்க. நம்ம பக்கத்துலயே தென்காசி ஆய்க்குடில அமர் சேவா சங்கம், அத 1981ல ஆரம்பிச்ச எஸ். ராமகிருஷ்ணனுக்கே கழுத்துக்கு கீழ அசைவு கிடையாது, கடற்படை தேர்வுக்கு போன எடத்துல விழுந்தவரு. அப்பாகிட்ட சொல்லுங்க. தலகாணி பத்தி தனியா எழுதுறேன்.

அவனியாபுரம் மல்லி:

சீனியர் சார் கோவிச்சுக்காதீங்க, கத ஒரு முழம் அட்வைஸு ஒன்பது முழம். நடமாடுங்க நடமாடுங்கனு எனக்கும் சொன்னாங்க, காலைல அஞ்சு மணிக்கு பூ பறிக்க குனிஞ்சவ நான், நான் என்ன கட்டில்லயா கிடக்கேன்.

ரெண்டு பிள்ளையும் சிசேரியன். முதுகுல ஊசி போட்டதுலருந்து தான் இடுப்பு வலினு பத்து வருசம் அந்த ஊசிய வையாத நாள் இல்ல. எங்க தெருவுல எந்த பொம்பளைய கேட்டாலும் இதையே தான் சொல்லும். பிசியோட்டயும் சொன்னேன். அந்தம்மா மறுத்தெல்லாம் பேசல, மூலைல இருந்த பிளாஸ்டிக் கொடத்துல தண்ணிய ரொப்பி "வீட்டுல எப்படி தூக்குவீங்களோ அப்படியே தூக்குங்க"ன்னாங்க. தூக்குனேன். முட்டி மடங்கல, ஒரே குனி, இடுப்ப ஒரு வெட்டு வெட்டி இடது பக்கம் ஏத்தியாச்சு. போன்ல எடுத்திருந்தத காட்டுனாங்க. எனக்கு எங்கம்மா தெரிஞ்சாங்க அதுல, அச்சு அசல், அவங்களும் கடைசி வரை இடுப்பு வலினு தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அவங்களுக்கு எந்த ஊசியும் கெடையாது, நாலும் வீட்டுல பொறந்தது. ஊசி குத்துன எடம் கொஞ்ச நாள் வலிக்கலாம், வருசக்கணக்கா வலிக்க அது காரணமில்லனு அப்புறமா சொன்னாங்க.

மல்லாக்க படுத்து இடுப்ப தூக்குற பயிற்சி குடுத்தாங்க, மாமியா பாத்துட்டு "இது என்னடி நடு வீட்டுல"ன்னு கேட்டாங்க. ஆறு நாள் செஞ்சு விட்டுட்டேன், வலி வந்ததும் மறுபடி ஆரம்பிச்சேன், உண்மைய சொல்லணும்ல.

உசிலை:

எழுத கூச்சமா இருக்கு. என் மச்சான், பத்து நாளா இடுப்பு வலி, ஒருத்தருகிட்ட எண்ணெ போட்டு நீவிக்கிட்டு இருந்தான். ஒரு நாள் பைக்குல ஏறுனவன் "மாப்ள, சீட்டுல உக்காந்திருக்கேன், சீட்டு இருக்கதே தெரியலடா"ன்னான். நாங்க நாலு பேரும் சிரிச்சோம். அன்னைக்கு ராத்திரியே ஒன்னுக்கு வரல. அது ஜவ்வு மொத்தமா வெளிய வந்து கீழ போற நரம்புக்கொத்த அமுக்குறதாம், சேணம் படுற எடம் பூரா மரத்துப்போறது தான் அடையாளம், மணிக்கணக்கு பாத்து ஓடணுமாம். நாங்க ரெண்டு நாள் கழிச்சு ஓடுனோம். இப்ப பிசியோ புண்ணியத்துல நடக்குறான். ஆனா தினமும் அஞ்சு தடவ அவனே டியூப் விட்டு தான் ஒன்னுக்கு போறான். ஒன்னுக்கு நின்னா, மலம் தெரியாம போனா, அந்த எடம் மரத்தா பிசியோவுக்கும் போகாதீங்க, நேரா பெரியாஸ்பத்திரி.

பைபாஸ் பாபு:

மூட்டை அண்ணே அந்த பிசியோ நம்பர் கிடைக்குமா. எனக்கும் எல்4 எல்5 தான். பெல்ட்டு எந்த கம்பெனி நல்லாருக்கும்

அண்ணாநகர் சீனியர்:

பெல்ட்ட பத்தி மேலயே எழுதிருக்கேன். ஒன்பது முழம்னு கிண்டல் பண்ணா இப்படித்தான் ஆகும்.

வீடு வீடா:

நான் பிசியோ, உங்க எல்லார்ட்டயும் பாராட்டு வாங்குற கூட்டம் தான். ஒருத்தன மட்டும் சொல்றேன். படிச்சு முடிச்ச புதுசு, வீட்டுக்கு போய் பாக்குற வேலை. கெணத்துல தலைகீழா குதிச்சு கழுத்து ஒடைஞ்ச பையன், சி6, அதாவது கழுத்து தண்டுவடத்துல ஆறாவது மட்டத்துல அடி. விரல் ஒன்னும் அசையாது, ஆனா மணிக்கட்ட மேல தூக்க முடியும். மணிக்கட்ட தூக்குனா விரல் தானா மடங்கி புடிச்சுக்கும், தசைநார் இழுக்குறதால, எறக்குனா விட்டுரும். அதுக்கு விரல ரொம்ப நீட்டி நீட்டி இழுக்க கூடாது, வீட்டுல பாசத்துல இழுத்து விட்டுருவாங்க. மூணு வாரம் அத மட்டுமே சொல்லி குடுத்தேன். ஒரு நாள் தட்டுலருந்து ஒரு முறுக்க அவனே எடுத்து வாய்க்கு கொண்டு போனான். அவங்கம்மா அக்கம்பக்கத்து ஆளெல்லாம் கூப்பிட்டு காட்டுனாங்க, அவன் அஞ்சு முறுக்கு தின்னான், எனக்கும் ஒரு பை நெறைய கட்டி குடுத்தாங்க.

அடுத்த தடவ போனப்ப வீட்டுல சாம்பிராணி பொக. வெள்ளிக்கிழமை இல்ல. ஏம்மா இந்நேரத்துலனு கேட்டுக்கிட்டே அவன ஒருச்சாச்சு திருப்புனேன். பிட்டத்துக்கு மேல, வால் எலும்பு கிட்ட, உள்ளங்கை அகலம் புண்ணு, உள்ள எலும்பு தெரியுது. அவனுக்கு வலிக்காது, சொல்ல மாட்டான். அம்மா பவுடர் போட்டு மறைச்சு வச்சிருக்காங்க, நான் வைவேன்னு பயந்து. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பி போடுங்கனு மொத நாள் வாயால சொன்னேன். மூணு வாரத்துல ஒரு நாளும் நான் திருப்பி பாக்கல. கையவே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். அந்த முறுக்கு அன்னைக்கும் புண்ணு இருந்திருக்கு. ஆஸ்பத்திரில நாலு மாசம் கிடந்தான்.

இப்ப எந்த வீட்டுக்கு போனாலும் வணக்கம் சொல்றதுக்கு முந்தி போர்வைய தூக்குறேன், சில வீட்டுல முகம் சுளிக்கிறாங்க.

கீழமாசி மூட்டை:

அம்மாடி. அந்த பையன் இப்ப எப்படி இருக்கான்

வீடு வீடா:

புண்ணு ஆறிருச்சுணே. என்கிட்ட பேசுவான். அவங்கம்மா பேச மாட்டாங்க.

தென்னந்தோப்பு:

அக்கா, எங்கப்பாவுக்கும் புண்ணு வரப்பாத்துச்சு, சிவப்பா இருந்தப்பவே அம்மா கண்டுபுடிச்சுருச்சு. அதுலருந்து வீல்சேர்ல உக்காந்தா இருவது நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டு கையையும் ஊனி ஒடம்ப மேல தூக்கி கொஞ்ச நேரம் வச்சு எறக்கணும்னு பழக்கி விட்டாங்க, மரம் ஏறுன கையில்ல, அது மட்டும் அவருக்கு லேசு. காலுக்கு கேலிப்பர்னு கால் மடங்காம தாங்குற சட்டம் மாட்டி கம்பிய புடிச்சு நாலு எட்டு வைப்பாரு, ஆனா டீக்கடைக்கு வீல்சேர் தான். கடைல அரசியல் பேசிக்கிட்டு இருக்கப்பவே திடீர்னு கைய ஊனி எந்திரிப்பாரு, புதுசா வந்தவங்க அவரு கெளம்புறாருனு நெனச்சு பெஞ்ச நகத்தி வழி விடுவாங்க. அவரு திரும்ப உக்காந்து விட்ட எடத்துலருந்து பேசுவாரு.