கெல்லி கோட்டை: சக்கர நாற்காலி எதுவரை போகும்?

லயத்துப்பிள்ளை:
மலேசியாவில், பேராக்கின் பத்து காஜா பக்கமிருந்து பெரியவர்கள் 6 பேர் கிளம்புகிறார்கள். ஒருவர் சக்கர நாற்காலி, ஒருவர் கைத்தடி. கோட்டையோடு மாரியம்மன் கோயிலும் பார்க்கவேண்டுமாம். படியேறாமல் எவ்வளவு முடியும்? படியில் சரிவாகப் போட்டு நாற்காலியை ஏற்ற 90 செ.மீ. நீள மடக்குப் பலகை ஒன்று இருக்கிறது, உதவுமா?

ரசமட்டம்:
மேல்மாடி ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். கோபுரத்தில் லிஃப்டுக்கென்று குழி விட்டதோடு சரி. 1915இல் தொடங்கிய வேலை, 1926இல் அதைக் கட்டிய தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் துரை லிஸ்பனில் இறந்ததும் நின்றுபோனது. மேலே போக மாடிப்படிதான். வெளியிலிருந்தே வளைவுகள், செங்கல் சுவர், கோபுரம் எல்லாம் நன்றாகத் தெரியும். என்னைக் கேட்டால் கட்டடத்தின் அழகே அதுதான்.

தூரத்தைப் பார்க்காதீர்கள், சரிவைப் பாருங்கள். 1:12க்கு மேல், அதாவது 12 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. உயரத்துக்கு மேல், செங்குத்தாக இருந்தால் தள்ளுபவர் திணறுவார். மட்டம் பார்க்கும் குமிழி வைத்த 60 செ.மீ. ரசமட்டத்தைச் சரிவில் வையுங்கள். மேல்முனை தரையில் இருக்கட்டும், குமிழி நடுவுக்கு வரும்வரை கீழ்முனையைத் தூக்குங்கள். அடியில் 5 செ.மீ. இடைவெளி என்றால் அதுதான் 1:12.

அதே கணக்கில் உங்கள் பலகை 7.5 செ.மீ. உயரத்துக்குத்தான் ஆகும். 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. வேண்டும். குட்டைப் பலகையைப் போட்டால் நாற்காலி பின்பக்கம் சாயும்.

பால்மரக்காடு:
எந்த நாற்காலி என்று சொல்லவில்லையே? நான்கும் சின்னச் சக்கரமாக இருப்பதை எடுக்காதீர்கள். பின்சக்கரம் 24 அங்குலம் இருந்தால்தான் செம்மண்ணில் உருளும். முன்சக்கரம் 2 செ.மீ. விளிம்பிலேயே முட்டி நிற்கும், ஆளை முன்னால் தள்ளிவிடும்; இடுப்பு வார் கட்டாயம். மேடு வந்தால் பின்னால் இருக்கும் குழாயைக் காலால் மிதித்து முன்பக்கத்தைத் தூக்குங்கள். செங்குத்தான இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாகவே இறக்குங்கள். பிரேக் நிறுத்தி வைக்க மட்டும்தான், ஓட்டத்தில் பிடித்தால் கவிழும்.

லயத்துப்பிள்ளை:
24 அங்குலம்தான். கோயிலுக்கும் தள்ளிக்கொண்டே போய்விடலாமா?

ரசமட்டம்:
வேண்டாம், காரில் போங்கள். சாலையோரம் தண்ணீர் வடிய லோங்காங் (சாக்கடை) பக்கம் சாய்ந்திருக்கும். நாற்காலியும் அந்தப் பக்கமே இழுக்கும், தள்ளுபவருக்கு ஒரு கை மட்டும் வலிக்கும். செம்பனைத் தோட்டத்துக்குள் குறுக்குவழி தேடினால் இன்னும் மோசம். லாரித் தடத்தில் சேறு, உதிரிப் பழம் வேறு சக்கரத்தடியில் மாட்டும். கோயில் கூரையில் சாமிகளோடு தொப்பி போட்டுச் சிலையாக நிற்கிறாரே கெல்லி துரை, அவரைக் கீழே இருந்தபடியே பார்க்கலாம்.

பால்மரக்காடு:
காலையிலேயே முடித்துவிடுங்கள். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் மதியத்துக்கு மேல் இடிமழை கொட்டும், நனைந்த செங்கல் பாசியில் கைத்தடி வழுக்கும். தடியின் ரப்பர் அடியைத் திருப்பிப் பாருங்கள். வரி தேய்ந்திருந்தால் கிளம்பும் முன்பே மாற்றுங்கள். நாற்காலியைவிட அவருக்குத்தான் எனக்குப் பயம்.