1976 காடிலாக் டிவில், 8.2 லிட்டர் வி8: மைலேஜ் நிஜமா எவ்வளவு வரும், நம்பி வாங்கலாமா?

ஏரிக்கரையான்

வணக்கம் மக்களே. டெட்ராய்ட்டுக்கு வடக்கால இருக்கோம், வந்து பதினோரு வருஷம் ஆச்சு. எங்க தெருக்கோடி வீட்டுல ஒரு பாட்டி இருக்காங்க, அவங்க வீட்டுக்காரர் போன வருஷம் தவறிட்டாரு, அவரோட 1976 செடான் டிவில் கராஜ்லயே நிக்குது, அடர் பச்சை, மேல வெள்ளை வினைல் கூரை (தகடு மேல ஒட்டின தோல் மாதிரி உறை). குளிர்காலத்துல அவங்க வாசல்ல பனி தள்ளிக் குடுக்கப் போறப்பல்லாம் அந்தக் காரைப் பார்த்துட்டு அஞ்சு நிமிஷம் நிப்பேன். அதைக் கவனிச்சிருக்காங்க போல, தெரியாதவங்களுக்குக் குடுக்க மனசு வரல, நீயே எடுத்துக்கிறியாப்பான்னு கேட்டாங்க. விலையும் நியாயமாதான் சொல்றாங்க.

போன வாரம் ஓட்டிப் பார்த்தேன். ஒத்தை விரல்ல ஸ்டீயரிங் திரும்புது, ரோட்டுல இருக்கிற குழி எதுவும் உள்ள தெரியவே இல்ல, சோபாவுல உக்காந்து போற மாதிரி இருக்கு. ஆனா பத்து மைல் கூட போகல, பெட்ரோல் முள்ளு கண்ணு முன்னாடியே இறங்குச்சு. வீட்டுல இருக்கிறது ஹைப்ரிட், கேலனுக்கு 50 மைல் குடுக்குது, அதனால வீட்டம்மா கேக்குற மொத கேள்வியே இதுதான். சில பேரு 8ங்கிறாங்க, சில பேரு 14 வரும்ங்கிறாங்க, எது நிஜம்? பிரீமியம் போடணுமா? நெடுஞ்சாலையில இன்ஜின் மெதுவா சுத்துற மாதிரி கூடுதல் கியர் இருக்கிற ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் மாத்தினா பிரயோஜனம் உண்டா? வருஷத்துக்கு 1,500 மைல் தாண்ட மாட்டேன். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கார்புரேட்டர்_அக்கா

தம்பி, எங்கிட்ட இருக்கிறது 1975, அதே இன்ஜின்தான், ஒம்பது வருஷமா வச்சிருக்கேன். ஊருக்குள்ள 9, நெடுஞ்சாலையில 60லயே நிதானமா போனா 13, இதுதான் என் நோட்டுல எழுதி வச்ச கணக்கு. 8னு சொல்றவங்க வண்டியில ஏதோ கோளாறு இருக்கு, 14னு சொல்றவங்க ஒரே ஒரு நல்ல நாளை மட்டும் ஞாபகம் வச்சிருக்காங்க.

ஏன் இவ்வளவு குடிக்குதுன்னா, 500 கன அங்குலம் (அதான் 8.2 லிட்டர்), 5,000 பவுண்டுக்கு மேல எடை, மூணே கியர், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியா இணைக்கிற டார்க் கன்வெர்ட்டர்ல ரெண்டையும் இறுக்கிப் பூட்டுற லாக்கப் கிடையாது, அதனால நெடுஞ்சாலையில போறப்பகூட கொஞ்சம் வழுக்கிக்கிட்டேதான் சுத்தும். அதுக்கும் மேல முக்கியமான விஷயம், அவ்வளவு பெரிய இன்ஜின் 55 மைல் வேகத்துல கிட்டத்தட்ட சும்மாதான் இருக்கு, பாதி மூடின கார்புரேட்டர் வழியா காத்தை உறிஞ்சுறதுலயே அதோட சக்தி போகுது.

பிரீமியம் வேண்டவே வேண்டாம். 1970 எல்டொராடோவுல இதே 8.2 லிட்டர் வந்தப்போ கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்தும் பெட்ரோலும் எத்தனை மடங்கு அமுங்குதுங்கிற கணக்கு) 10க்கு 1, குதிரைத்திறன் 400, அதுக்குத்தான் நல்ல பெட்ரோல் வேணும். ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக 1971ல இருந்து கம்ப்ரஷனைக் குறைச்சுட்டாங்க, உன் வண்டியில 8.5தான், 87 ஆக்டேன் தாராளமா போதும். 1976ல குதிரைத்திறன் 190னு போட்டிருக்குன்னு பயப்படாதே, 1972ல அளக்குற முறையையே மாத்துனாங்க, முன்னாடி வெறும் இன்ஜினை வச்சு அளந்ததை அப்புறம் ஃபேன், சைலன்சர் எல்லாம் மாட்டி அளந்தாங்க. இழுக்குற டார்க் இன்னமும் 360 பவுண்டு-அடி இருக்கு, அதுவும் 2,000 ஆர்பிஎம்லயே கிடைக்குது.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணு. ஸ்பார்க்கைப் பிரிச்சுக் குடுக்குற டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டுல வட்டமா ஒரு தகர டப்பா இருக்கும், அதுதான் லேசா ஓட்டுறப்போ ஸ்பார்க்கை முன்கூட்டியே அடிக்க வைக்கிற வேக்யூம் அட்வான்ஸ், அதுல இருந்து ரப்பர் டியூபைக் கழட்டிட்டு கைப்பம்ப் மாட்டி உறிஞ்சிப் பாரு. பம்புல இருக்கிற முள்ளு நிக்காம இறங்கினா உள்ள டயாஃப்ரம் கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம், அது ஒண்ணே ரெண்டு மைல் மைலேஜைத் தின்னுரும், மாத்துறது அரைமணி நேர வேலை. அப்புறம் இன்ஜின் நல்லா சூடான பின்னாடி சோக் (குளிர்ல காத்தை அடைக்கிற தட்டு) முழுசா திறக்குதான்னு பாரு, குவாட்ராஜெட் கார்புரேட்டர் உள்ள பவர் பிஸ்டன் மேலயே சிக்கிக்கிட்டிருந்தா எப்பவும் ரிச்சாவே, அதாவது பெட்ரோல் அதிகமாவே கலந்து ஓடும், பின்னாடி புகைக்குழாய் கருப்பா பொடி படிஞ்சிருக்கும். ஓட்டி நிறுத்தினதும் நாலு சக்கரத்து மேலயும் கை வச்சுப் பாரு, ஒண்ணு மட்டும் சுட்டா பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுது. குவாட்ராஜெட்டைத் திட்டாத பேர் இல்ல, ஆனா முன்னாடி ரெண்டு வாய் ரொம்பச் சின்னது, காலை மெதுவா வச்சா அந்தக் காலத்துக்கு அதைவிட சிக்கனமான கார்புரேட்டர் நான் பார்க்கல.

பழைய_இரும்பு

அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனா ப்ரோ நீங்க கேக்குற கேள்வியே வேற இடத்துல இருக்கணும். கணக்கு போடுங்க. 1,500 மைல், கேலனுக்கு 10னா 150 கேலன், ட்யூன் பண்ணி 12 ஆக்கினா 125. மிச்சம் 25 கேலன், கேலன் மூணரை டாலர்னே வச்சாலும் வருஷத்துக்கு 90 டாலர் கூட இல்ல. வருஷம் 12,000 மைல் ஓடுற சாதாரண கார்ல 25ஐ 30 ஆக்கினா 80 கேலன் மிச்சம். பெட்ரோலுக்குப் பயந்து இந்த மாதிரி வண்டியை விட்டவங்களும் உண்டு, பெட்ரோல் மட்டும்தான் செலவுன்னு நெனச்சு வாங்கி மாட்டுனவங்களும் உண்டு, ரெண்டாவது ஆளுங்களுக்குத்தான் நஷ்டம் அதிகம்.

பணம் போற இடம் துரு. மிச்சிகன்ல ரோட்டுல உப்பு போடுறாங்கன்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. பின் கண்ணாடிக்குக் கீழ வினைல் கூரை முடியுற ஓரத்துல கட்டைவிரலை வச்சு மெல்ல அமுக்குங்க. அப்பளம் நொறுங்குற மாதிரி மொறுமொறுன்னு சத்தம் வந்தா அடியில தகடு போயிடுச்சு, தண்ணி வருஷக்கணக்கா உள்ளயே நின்னுருக்கு. அதைச் சரி பண்ணணும்னா வினைலை உரிச்சு, கண்ணாடியைக் கழட்டி, தகடு வெட்டி ஒட்டணும், அந்த பில்லுல பல வருஷத்து பெட்ரோல் வாங்கிடலாம்.

அடுத்து பம்பருக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் ஃபில்லர். 1973ல முன்பக்கமும் 1974ல பின்பக்கமும் 5 மைல் வேகத்துல இடிச்சாலும் தாங்குற பம்பர் வேணும்னு சட்டம் வந்துச்சு, பம்பர் உள்ள போயிட்டு வர இடம் விட்டு அந்த இடைவெளியை வளையுற பிளாஸ்டிக்கால மூடுனாங்க. இத்தனை வருஷத்துல அது பிஸ்கட் மாதிரி உதிரும். புது ஃபில்லர் செஞ்சு விக்கிறவங்க இருக்காங்க, பெயின்ட் அடிச்சு மாட்டுற கூலிதான் கடிக்கும்.

இன்னொண்ணு, இதை நான் அனுபவிச்சுச் சொல்றேன். அந்தக் கால வி8 பலதுல, வால்வு திறக்குற நேரத்தை இன்ஜின் சுத்தோட பொருத்துற டைமிங் கியர்ல சத்தம் குறையட்டும்னு பல்லுக்கு நைலான் பூசியிருப்பாங்க. என் முதல் பழைய வண்டி (எந்தக் கம்பெனின்னு வேண்டாம்) ஒரு நாள் ஆயில் பிரஷர் லைட் எரிஞ்சு நின்னுச்சு, ஆயில் பேனைக் கழட்டுனா பம்ப் உறிஞ்சுற வலைமேல பழுப்பு நிறத்துல அரிசிக் குறுணை மாதிரி நைலான் துண்டு அப்பிக்கிட்டு இருக்கு. கையில எடுத்துப் பார்த்தப்போ வயிறு கலங்கிடுச்சு. 8.2 லிட்டர்லயும் நைலான் கியர்தான் வந்துச்சு, அதனால இதுவரைக்கும் மாத்துனாங்களான்னு பாட்டிகிட்ட பில் இருந்தா பாருங்க, இல்லைன்னா முதல் செலவா அதை வச்சுக்கோங்க. எத்தனை மைல் ஓடியிருக்குங்கிறதை விட எத்தனை வயசுங்கிறதுதான் அந்த நைலானுக்குக் கணக்கு.

பெட்ரோல் டியூப் எல்லாம் பழைய ரப்பரா இருந்தா எத்தனால் கலந்த பெட்ரோல் அதைக் கரைச்சிடும், சூடான இன்ஜின் மேல சொட்டினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டாம், அதை மொத வாரமே மாத்திடுங்க. இன்சூரன்ஸ் சாதாரண பாலிசி எடுக்காதீங்க, மதிப்பை முன்னாடியே பேசி ஒத்துக்கிற பாலிசி எடுங்க. பழைய வண்டிகளுக்குக் குடுக்கிற மிச்சிகன் ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட் வாங்கினா கண்காட்சி, ஊர்வலம், கிளப் நிகழ்ச்சின்னு போகலாம், ஆகஸ்ட் மாசம் மட்டும் சும்மா ஓட்டவும் அனுமதி உண்டு. பாட்டியை ஏத்திக்கிட்டு வாராவாரம் சுத்தணும்னா சாதாரண பிளேட்டே எடுத்துக்கோங்க.

மேற்குகரை

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். மைலேஜ் நிஜமாவே முக்கியம்னா 1977ல இருந்து 79 வரைக்கும் வந்த டிவில் பாருங்க. நீளம் எடை ரெண்டையும் நல்லா குறைச்சாங்க, இன்ஜின் 7.0 லிட்டர், 180 குதிரைத்திறன், உள்ள உக்கார இடம் குறையல. 1973 எண்ணெய்த் தடைக்கு அப்புறம் 1975ல சட்டம் போட்டு 1978 மாடலுக்கு கம்பெனி சராசரி 18 மைல் வரணும்னாங்க, அதனாலதான் எல்லாமே சுருங்குச்சு.

ஆனா ரொம்ப சிக்கனம் தேடி எண்பதுகள் பக்கம் போயிடாதீங்க. 5.7 லிட்டர் டீசல் மைலேஜ் நல்லா குடுத்துச்சு, ஹெட் போல்ட்டும் கேஸ்கெட்டும் தாங்கல. 1981ல எட்டு, ஆறு, நாலுன்னு சிலிண்டரை நிறுத்துற இன்ஜின் வந்துச்சு, அந்தக் கால கம்ப்யூட்டருக்கு அது மீறின வேலை. 1982ல வந்த 4.1 லிட்டர்ல கூலன்ட் ஆயிலோட கலந்த கதை ஊரறிஞ்சது. இதையெல்லாம் பார்த்தா அந்த 8.2 ஒரு பாறை.

ஓவர்டிரைவுக்கு 200-4ஆர்ங்கிற கியர்பாக்ஸ் போல்ட் பொருந்தும், ஆனா அப்படியே மாட்டினா அந்த டார்க்குக்கு ரொம்ப நாள் உழைக்காது, பலப்படுத்தி மாட்டணும்னா சில ஆயிரம் டாலர். மேல போட்ட கணக்குப்படி அதை பெட்ரோல்ல திருப்பி எடுக்க வாய்ப்பே இல்ல. என்னிக்காவது கலிஃபோர்னியா மாறுற யோசனை இருந்தா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, இங்க 1975 வரைக்கும்தான் புகைப் பரிசோதனை விலக்கு, உங்க 76 மாட்டும், ஒரிஜினல் சாமான் எதையும் கழட்டிப் போட்டுடாதீங்க.

கார்புரேட்டர்_அக்கா

77 நல்ல வண்டிதான், நான் மறுக்கல. ஆனா தம்பிக்குக் கிடைச்சிருக்கிறது ஒரே ஓனர்கிட்ட கராஜ்லயே வளர்ந்த வண்டி, ரெண்டு மூணு மைல் வித்தியாசத்துக்காக யாரோ ஒருத்தர்கிட்ட தெரியாத வண்டியைத் தேடிப் போறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

ஏரிக்கரையான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து டார்ச், கைப்பம்ப் எல்லாம் எடுத்துக்கிட்டுப் போனேன். அட்வான்ஸ் கிழிஞ்சிருக்கு அக்கா, முள்ளு நிக்கவே இல்ல. கூரை ஓரம் முழுக்க அமுக்கிப் பார்த்தேன், வலது மூலையில ஒரு விரக்கடை மட்டும் மொறுமொறுங்குது, மத்த இடம் கெட்டியா இருக்கு. பின் ஃபில்லர் ரெண்டும் உதிர்ந்து போச்சு.

பாட்டி ஒரு ஷூ டப்பா கொண்டு வந்து வச்சாங்க, உள்ள அவரு சேர்த்து வச்ச பில்லு பூரா. தேடினதுல 1994ல டைமிங் கியரும் செயினும் மாத்தின பில் கிடைச்சுது, "இரும்புக் கியர்"னு அவரு பேனாவால அடிக்கோடு போட்டிருக்காரு. அதுக்கடியில சின்ன நோட்டு ஒண்ணு, ஒவ்வொரு தடவை பெட்ரோல் போட்டதும் தேதி, மைல், கேலன் எழுதியிருக்காரு. கடைசி பக்கம் கூட்டிப் பார்த்தேன், 10.8 வருது. பாட்டி அந்த நோட்டையும் வண்டியோடவே வச்சுக்கோன்னுட்டாங்க. திங்கக்கிழமை டைட்டில் (வண்டி உரிமைப் பத்திரம்) மாத்தப் போறோம்.